எரிந்த 15 எச்பி மோட்டர்: திரும்பக் கட்டுறதோ, ஐஈ3 வாங்குறதோ?

#1 சுன்னாகம்_மில்

எல்லாருக்கும் வணக்கம். அரிசி மில்லில தீட்டு மெஷினுக்குப் போட்டிருந்த 11 கிலோவாற்று (15 எச்பி) மோட்டர் எரிஞ்சு போச்சு. நாலு போல் (காந்த முனை), பெயர்த்தட்டில 400 வோல்ற்று, 22 அம்பியர், வலுக்காரணி (எடுக்கிற மின்னோட்டத்தில உண்மையா வேலைக்குப் போற பங்கு) 0.83, நிமிசத்துக்கு 1445 சுற்று எண்டு அடிச்சிருக்கு. வினைத்திறன் எவ்வளவு எண்டு தட்டில இல்லை. ஸ்டார்-டெல்ரா ஸ்ராட்டர் (ஸ்டார் இணைப்பில மெதுவாத் தொடக்கி, பிறகு டெல்ரா இணைப்புக்கு மாத்துறது).

கொயில் கட்டுற கடையில ஒரு விலை சொல்லியிருக்கினம். புது ஐஈ3 (கூடின வினைத்திறன் வகுப்பு) மோட்டர் அதைப்போல ரெண்டரை மடங்கு வருது. விக்கிற முகவர், ஐஈ3 போட்டால் கரண்ட் பில் 20% குறையும் எண்டும், பக்கத்தில இருக்கிற 7.5 கிலோவாற்று உமி புளோவர் மோட்டரையும் சேர்த்து மாத்தச் சொல்லியும் நிக்கிறார். புளோவர் மோட்டர் நல்லாத்தான் ஓடுது.

மில் ஓடுறது தை, மாசி, பங்குனியில நாளுக்கு 10 மணித்தியாலம். மற்ற மாதங்களில கிழமைக்கு ரெண்டு மூண்டு நாள், அதுவும் அரை நாள். வருசம் முழுக்கக் கூட்டினால் 1300 மணித்தியாலம் வரும். விபரம் தெரிஞ்சவை சொல்லுங்கோ.

#2 மின்பொறி

20% என்பது நடக்காது. கணக்கைப் பாருங்கள்.

ஐஈ வகுப்புகள் ஐஈசி 60034-30-1 என்ற 2014ஆம் ஆண்டு நியமத்தில் இருப்பவை. 0.12 முதல் 1000 கிலோவாற்று வரை, 2, 4, 6, 8 போல் மோட்டர்களுக்கு ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனி வினைத்திறன் அதில் குறிக்கப்பட்டிருக்கிறது. 50 ஹேர்ட்ஸில் 4 போல் 11 கிலோவாற்றுக்கு ஐஈ1 87.6%, ஐஈ2 89.8%, ஐஈ3 91.4%, ஐஈ4 93.3%.

உங்கள் தட்டில் வினைத்திறன் இல்லாவிட்டாலும் கணக்குப் போட்டு எடுக்கலாம். 1.732 × 400 × 22 × 0.83 = 12,650 வாற்று உள்ளே போகிறது, 11,000 வெளியே வருகிறது. வகுத்தால் 87%. ஆகவே பழைய மோட்டர் ஏறக்குறைய ஐஈ1.

87.6இலிருந்து 91.4க்குப் போனால் மின்சாரம் 4.2% தான் குறையும், அதுவும் அந்த ஒரு மோட்டரின் பங்கில் மட்டும். முகவர் சொல்லும் பெரிய இலக்கம் எங்கிருந்து வருகிறதென்றால், ஒரு வகுப்பு ஏறும்போது மோட்டருக்குள் வீணாகும் *நட்டம்* கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று குறைகிறது. நட்டம் குறைவது வேறு, பில் குறைவது வேறு.

தீட்டு மெஷின் முக்கால் சுமையில் ஓடுகிறது என்று வைத்தால் தண்டில் 8.25 கிலோவாற்று. பழையது 9.42 எடுக்கும், ஐஈ3 9.03 எடுக்கும். வித்தியாசம் 0.39 கிலோவாற்று. 1300 மணித்தியாலத்துக்கு 510 அலகு. அலகு 25 ரூபா என்று பிடித்தால் வருசத்துக்கு 12,750 ரூபா. உங்கள் பில்லில் இருக்கும் வீதத்தை அதற்குப் பதிலாகப் போடுங்கள். பிறகு ஐஈ3 விலைக்கும் கட்டுக்கூலிக்கும் உள்ள வித்தியாசத்தை அந்தத் தொகையால் பிரித்தால் எத்தனை வருசம் என்று வரும்.

#3 கொயில்_கொக்குவில்

மின்பொறி சொன்ன கணக்கு சரி. ஆனால் திரும்பக் கட்டின மோட்டரும் பழைய 87.6இலதான் நிக்கும் எண்டு நினைக்கக்கூடாது. அது கட்டுறவரின்ர கையில இருக்கு. ஒழுங்கா கட்டினால் வினைத்திறன் விழாது. ஐரோப்பா, அமெரிக்க மோட்டர் திருத்துநர் சங்கங்கள் சேர்ந்து 2003இல வெளியிட்ட பரிசோதனையில, முறைப்படி கட்டின மோட்டர்களில சராசரி மாற்றம் 0.1 புள்ளி அளவுதான். முறை தவறினால் ரெண்டு புள்ளியும் போகும், மூண்டும் போகும்.

கடைக்குக் குடுக்க முதல் இதுகளைக் கேளுங்கோ.

பழைய கொயிலை எப்பிடிக் கழட்டுறியள்? காஸ் ரோச்சைப் பிடிச்சு எரிச்சால் ஸ்ரேற்றர் தகடுகளுக்கிடையில இருக்கிற மெல்லிய காப்புப் பூச்சு கருகிப்போகும். தகடுகள் ஒண்டோட ஒண்டு தொட்டு, சுழல் மின்னோட்டம் கூடி, இரும்பு நட்டம் ஏறும். அதைப் பிறகு ஒருத்தராலும் திருத்தேலாது. சூளையில வைச்சால் இரும்பின்ர வெப்பம் 370 பாகையைத் தாண்டக்கூடாது.

கம்பி என்ன அளவு? இதுதான் அடிக்கடி பிழைக்கிற இடம். உதாரணத்துக்குப் பழசு 0.95 மில்லிமீற்றர் ரெண்டு இழை எண்டால் குறுக்குப்பரப்பு 1.418 சதுர மில்லிமீற்றர். அந்த அளவு கடையில இல்லாட்டி 1.00 ஒரு இழையும் 0.90 ஒரு இழையும் சேர்த்தால் 1.422 வரும், அது சரி. ரெண்டும் 0.90 போட்டால் 1.272 தான். தடை 11% கூடும். 11 கிலோவாற்று மோட்டரில முழுச்சுமைக்கு ஒரு 60 வாற்று கூடுதலா வெப்பமாப் போகும். கொயில் லேசா துவாரத்துக்குள்ள இறங்கும், அதுக்காகத்தான் மெல்லிசு போடுறது.

சுற்று எண்ணிக்கை, கொயில் பாய்ச்சல் (ஒரு கொயில் எத்தனை துவாரம் தாண்டுது எண்டது), இணைப்பு மூண்டையும் கழட்டும்போதே எழுதி வைக்க வேணும். ரெண்டு சுற்றைக் குறைச்சுப் போட்டால் காந்தப்பாயம் கூடி, சுமையில்லாமல் ஓடும்போதே அம்பியர் ஏறும். மோட்டர் வெறுமையா ஓடியே சுடும்.

துவாரக் காப்புத்தாள், வார்னிஷ் எல்லாம் எப் வகுப்பு (155 பாகை) வேணும். வார்னிஷில தோய்ச்சு அவணில வேக வைக்கிறது. மேலால தூரிகையால பூசிறது காணாது.

#4 ஐஸ்_பருத்தித்துறை

நல்ல உரையாடல். எங்கட பக்கக் கணக்கையும் போடுறன், ஒப்பிட உதவும். ஐஸ் பக்டரி, அமோனியா கொம்பிரஸருக்கு 30 கிலோவாற்று மோட்டர், வருசத்துக்கு 6500 மணித்தியாலம். 4 போல் 30க்கு ஐஈ1 90.7, ஐஈ3 93.6, ஐஈ4 94.9. தண்டில 24 கிலோவாற்று சுமை எண்டால் ஐஈ1 26.46 எடுக்கும், ஐஈ3 25.64. வருசத்துக்கு 5330 அலகு மிச்சம். அதே 25 ரூபாவுக்கு 1,33,000 ரூபா. இந்த இடத்தில பழசைத் திரும்பக் கட்டுறது காசைக் கடலில கொட்டுறது.

ஐஈ3இல இருந்து ஐஈ4க்குப் போனால் மேலும் 2280 அலகு.

எங்கட கேள்வி: ஐஈ3 பூட்டின பிறகு ஸ்டாரிலயிருந்து டெல்ராவுக்கு மாறும்போது பிரேக்கர் விழுது. எப்பவும் இல்லை, நாலு தரத்துக்கு ஒருதரம். பழைய மோட்டருக்கு இதே பிரேக்கர் பிரச்சினை தரேல்லை. மோட்டரில பிழையோ?

#5 மின்பொறி

மோட்டரில் பிழையில்லை. ஐஈ3இல் தடையைக் குறைத்து நட்டத்தைக் குறைத்திருப்பதால் தொடக்க மின்னோட்டம் கூடும். பழைய மோட்டர் 6 மடங்கு எடுத்த இடத்தில் இது 7 முதல் 8.5 மடங்கு எடுக்கும். முதல் அரைச் சுழற்சியின் உச்சம் அதையும் தாண்டும். ஸ்டாரைத் திறந்து டெல்ராவை மூடும் கணத்தில் றோட்டரில் மிஞ்சிய காந்தம் மின்வழங்கலோடு எதிர்க்கட்டத்தில் சந்தித்தால், நேரடியாகத் தொடக்குவதைவிடப் பெரிய உச்சம் வரும். எந்தக் கணத்தில் சந்திக்கும் என்பது ஒவ்வொரு தரமும் மாறும். நாலுக்கு ஒருதரம் விழுவதன் காரணம் அதுதான்.

பார்க்க வேண்டியவை:

பிரேக்கரின் காந்தத் துண்டிப்பு (மின்னோட்டம் இத்தனை மடங்கைத் தாண்டினால் உடனே விழும் அளவு) 10 மடங்கில் இருந்தால் 12 அல்லது 13 மடங்குக்கு ஏற்றுங்கள். ஏற்ற முடியாத வகையென்றால் மோட்டருக்கென்றே வரும் பிரேக்கர் போட வேண்டும். சின்ன மோட்டர்களுக்கு சி வகை விழுந்தால் டி வகை.

டைமர் சாதாரண டைமரா, ஸ்டார்-டெல்ரா டைமரா? பின்னதில் இரண்டுக்கும் இடையில் 50 மில்லிசெக்கன் அளவு இடைவெளி இருக்கும். அது இல்லாவிட்டால் ஸ்டார் கொன்ராக்டரின் (மின்காந்தத்தால் மூடித் திறக்கும் சுவிட்சு) சுடர் அணைய முதல் டெல்ரா மூடும்.

வேகம் 85 முதல் 90%க்கு வரமுன்னம் மாறினால் ஸ்டாரில் தொடக்கியதே வீண். கொம்பிரஸரைச் சுமை இறக்கித் தொடக்குங்கள்.

புதிதாகக் கொன்ராக்டர் வாங்கினால் ஏசி-3ஈ என்ற குறியைப் பாருங்கள். ஐஈ3 மோட்டரின் கூடிய தொடக்க மின்னோட்டத்துக்காகவே பின்னர் சேர்த்த வகுப்பு அது.

ஐஈ4 பற்றி: ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019/1781 என்ற ஒழுங்குவிதிப்படி 2021 யூலை 1 முதல் 0.75 தொடக்கம் 1000 கிலோவாற்று வரை ஐஈ3 கட்டாயம். 2023 யூலை 1 முதல் 75 தொடக்கம் 200 வரை ஐஈ4. சின்ன அளவுகளுக்கு அவர்களே ஐஈ4ஐக் கட்டாயமாக்கவில்லை. 30 கிலோவாற்றில் ஐஈ4 வாங்குவதென்றால் சாதாரண அணில்கூட்டு றோட்டர் வகைதானா என்று கேளுங்கள். நிலைக்காந்த வகையும் ரிலக்ரன்ஸ் வகையும் பெரும்பாலும் இன்வேர்ட்டர் (மோட்டர் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) இல்லாமல் தொடங்காது. அந்த இன்வேர்ட்டர் பழுதானால் ஐஸ் உருகும்வரை மாற்றுக்குக் காத்திருக்க வேண்டும்.

#6 கோண்டாவில்_பிற்றர்

சுன்னாகம் அண்ணை, புளோவரைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. அதை மாத்த முதல் புலி (pulley, தண்டில பெல்ட் ஓடுற சில்லு) கணக்கைப் பாருங்கோ. இல்லாட்டி காசும் போய் பில்லும் கூடும்.

ஐஈ3 மோட்டரின்ர வழுக்கல் (1500 சுற்றுக்கு எவ்வளவு பிந்தி ஓடுது எண்டது) குறைவு. பழைய 7.5 கிலோவாற்று 1440இல ஓடினால் புதுசு 1465இல ஓடும். 25 சுற்றுத்தானே எண்டு விடேலாது. காத்தாடிக்கும் மையநீக்கப் பம்புக்கும் வலு, வேகத்தின்ர மூண்டாம் அடுக்கில ஏறும். 1465 ÷ 1440 = 1.0174. மூண்டுதரம் பெருக்கினால் 1.053. புளோவர் 5.3% கூடுதலாக் கேக்கும். 7.5 கிலோவாற்றில ஐஈ1 86.0, ஐஈ3 90.4. மிச்சம் 4.9%. கூட்டிக் கழிச்சால் ஒண்டுமில்லை, கொஞ்சம் நட்டம்.

அதைத் திருத்த மோட்டர் புலியைச் சின்னனாக்க வேணும். இப்ப 160 மில்லிமீற்றர் எண்டால் 160 × 1440 ÷ 1465 = 157.3. லேத்தில கடைய விடேக்க ஒண்டைக் கவனியுங்கோ: வெளிவிட்டத்தை மட்டும் கடைஞ்சால் ஒரு மாற்றமும் வராது. வீ பெல்ட் இருக்கிறது காடியின்ர ரெண்டு சரிவிலயும்தான். காடியை அதே கோணத்தில ஆழமாக்கினால்தான் பெல்ட் கீழ இறங்கும். ஒரு பக்கத்துக்கு 1.35 மில்லிமீற்றர் இறங்க வேணும். பெல்ட் அடியில முட்டக்கூடாது, முட்டினால் சறுக்கும்.

தீட்டு மெஷினுக்கு இந்தப் பிரச்சினை பெரிசில்லை. வேகம் கூடினால் அரிசியும் கூட வரும், மூட்டைக்குக் கணக்குப் பார்த்தால் சரியாப் போகும். ஆனால் குறுநொய் கூடுதோ எண்டு பாருங்கோ.

இன்னொண்டு. புளோவரின்ர அடைப்புத் தகடு எவ்வளவு திறந்திருக்கு? பாதி மூடின மாதிரி ஓடுறதெண்டால் காத்து தேவைக்கு மேல எண்டு அர்த்தம். தகட்டை முழுக்கத் திறந்து, புலியை மாத்தி வேகத்தை 10% குறைச்சால், தகடு திறந்தபடி முழு வேகத்தில எடுக்கிறதை விட வலு 27% குறையும். இது ஐஈ வகுப்பு எதையும் விடப் பெரிய மிச்சம், மோட்டர் வாங்கவே தேவையில்லை.

#7 சுன்னாகம்_மில்

எல்லாருக்கும் நன்றி. போய்ப் பார்த்தன். புளோவர் தகடு அரைவாசிக்கு மேல மூடித்தான் கிடக்கு. மோட்டர் புலி 160, நீங்கள் சொன்ன அளவேதான்.

விலை வித்தியாசத்தைப் பிரிச்சுப் பார்த்தால் தீட்டு மெஷினுக்கு எட்டு வருசத்துக்கு மேல வருது.

வோல்ற்றேஜ் அளந்தன். மில் ஓடேக்க ஸ்ராட்டரில கட்டங்களுக்கிடையில 402, 396, 384. ஓவர்லோட் ரிலே (அம்பியர் கூடினால் மோட்டரை நிப்பாட்டுறது) 20 அம்பியரில வைச்சிருக்கு, தட்டின் 22ஐ விடக் குறைவாத்தான். அப்ப ஏன் எரிஞ்சது? ரிலே விழவேயில்லை.

#8 மின்பொறி

இந்தப் பதிவில்தான் உண்மையான பிரச்சினை இருக்கிறது. புது மோட்டர் போட்டாலும் இதைத் திருத்தாமல் விட்டால் அதுவும் எரியும், ஐஈ3 என்பதால் தப்பாது.

முதலில் ரிலே. ஸ்டார்-டெல்ராவில் ரிலே எங்கே பூட்டியிருக்கிறது? மெயின் கொன்ராக்டருக்குக் கீழே, மோட்டரின் முதல் மூன்று முனைகளுக்குப் போகும் கம்பியில் என்றால், அந்த ரிலே பார்ப்பது டெல்ரா வளையத்துக்குள் ஓடும் மின்னோட்டத்தை. அது வெளிக்கம்பியின் 0.58 பங்கு. 22 × 0.58 = 12.8. நீங்கள் வைத்திருக்கும் 20 அம்பியர் என்பது வெளிக்கம்பியில் 34 அம்பியருக்கு மேல். அந்த ரிலே உங்கள் மோட்டரைக் காத்ததே இல்லை.

இரண்டாவது, வோல்ற்றேஜ் சமமின்மை. சராசரி 394. ஆகக்கூடிய விலகல் 10 (384). 10 ÷ 394 = 2.5%. மின்னோட்டச் சமமின்மை இதைப்போல 6 முதல் 10 மடங்கு வரும், ஒரு கட்டம் 20% மேலே ஓடியிருக்கும். சமமின்மை 2% இருந்தால் மோட்டரை அதன் அளவின் 95%க்கு மேல் சுமத்தக்கூடாது. 3% என்றால் 90%க்குக் கிட்ட, 5% என்றால் 75%. ஐஈ வகுப்பு எல்லாம் சமமான மூன்று கட்டத்தில் அளந்தவை. இந்த வழங்கலில் 91.4% மோட்டரும் 91.4% தராது.

எங்கே போகிறதென்று கண்டுபிடிக்க ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் அளக்க வேண்டும்: மின்சார சபை மீற்றரின் வெளிப்பக்கத்திலும் மோட்டர் முனையிலும். மீற்றரில் சமமாக இருந்து மோட்டரில் குறைந்தால் உங்கள் வயரிங். பியூஸ் தாங்கி, ஐசொலேற்றர் கத்தி, கொன்ராக்டர் முனை, கம்பி லக் ஒவ்வொன்றின் இரு பக்கமும் வோல்ற்றுமீற்றரை வைத்து, சுமையோடு எவ்வளவு விழுகிறதென்று பாருங்கள். நல்ல தொடுகையில் சில பத்து மில்லிவோல்ற்று. ஒரு வோல்ற்று வந்தால் அது சுடுகிறது. எங்கள் உப்புக் காற்றில் அலுமினிய லக்கும் செப்புக் கம்பியும் சேரும் இடங்கள் இப்படித்தான் போகும்.

மில் நிற்கும்போதும் மீற்றரிலேயே சமமில்லை என்றால் வழங்கல் பக்கம். மூன்று நேரங்களில் அளந்து எழுதி, மின் அத்தியட்சகர் பணிமனைக்கு எழுத்தில் குடுங்கள். சட்டப்படியான எல்லை 400 வோல்ற்றில் கூட்டக்குறைய 6%, அதாவது 376 முதல் 424. உங்கள் 384 அந்த எல்லைக்குள்தான் நிற்கிறது. அதனால் "வோல்ற்றேஜ் குறைவு" என்று எழுதாமல் "கட்டங்களுக்கிடையில் சமமின்மை 2.5%" என்று எழுதுங்கள். அந்த ட்ரான்ஸ்போமரில் வீட்டு இணைப்புகள் ஒரே கட்டத்தில் குவிந்திருக்கக்கூடும், அதை அவர்களால் மாற்றிப் பகிர முடியும்.

#9 அச்சுவேலி_பக்டரி

ஐ-2 என்ற கைத்தொழில் கட்டண வகையில் இருக்கிற எங்களுக்கு கேவிஏ உச்சக் கேள்விக்கும் (மாதத்தில் எடுத்த ஆகக்கூடிய வலு) காசு. ஐஈ3 போட்டால் வலுக்காரணியும் கூடுமா? கப்பாசிட்டர் பெட்டியைச் சின்னதாக்கலாமா?

#10 மின்பொறி

வலுக்காரணி கூடுமென்று சொல்ல முடியாது. ஐஈ வகுப்பு வலுக்காரணிக்கு உறுதி தருவதில்லை. சில ஐஈ3 மோட்டர்களில் பழையதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். தட்டைப் பாருங்கள்.

மோட்டரோடு சேர்த்துக் கப்பாசிட்டர் போடுவதானால் அளவு சுமையற்ற மின்னோட்டத்திலிருந்து வர வேண்டும். 11 கிலோவாற்று மோட்டர் வெறுமையாக 8.5 அம்பியர் எடுத்தால் 1.732 × 400 × 8.5 = 5.9 கேவார் (கப்பாசிட்டரை அளக்கும் அலகு). அதன் 90%, அதாவது 5.3க்கு மேல் போகக்கூடாது. 5 கேவார் போடுங்கள். கூடப் போட்டால் மெயினை நிறுத்திய பிறகும் மோட்டர் தன் கப்பாசிட்டரால் தானே மின்பிறப்பித்து வோல்ற்றேஜை ஏற்றும். ஸ்டார்-டெல்ரா மோட்டரின் முனையில் நேரடியாகக் கட்ட வேண்டாம், தனிக் கொன்ராக்டரோடு ஸ்ராட்டருக்கு முன்னால் கட்டுங்கள். இன்வேர்ட்டரின் வெளிப்பக்கத்தில் ஒருபோதும் கட்டக்கூடாது.

வலுக்காரணி மோசமாவதற்கு முக்கிய காரணம் பெரிய மோட்டரைச் சின்னச் சுமைக்குப் போடுவது. மோட்டரை மாற்றும்போது பழைய எச்பியையே திரும்ப வாங்காமல் சுமையை அளந்து வாங்குங்கள். கிளாம்ப் மீற்றர் அம்பியரை வைத்துச் சுமை சொல்ல முடியாது. பாதிச் சுமைக்குக் கீழே பெரும்பங்கு காந்தமாக்கும் மின்னோட்டம். மீற்றரின் சிவப்பு விளக்குத் துடிப்பை எண்ணுங்கள். அந்த மோட்டரை மட்டும் ஓட விட்டு, மற்றதெல்லாம் நிறுத்தி, மீற்றரில் அலகுக்கு 400 துடிப்பு என்று எழுதியிருந்தால், 60 செக்கனில் 60 துடிப்பு = 3600 × 60 ÷ (60 × 400) = 9 கிலோவாற்று. சீ.ரி. மீற்றர் (CT, மின்னோட்ட மாற்றி வழியாக அளப்பது) என்றால் விகிதத்தால் பெருக்க வேண்டும், சில மீற்றர்களில் பெருக்கியே வரும்.

#11 ரீகன்_நாவற்குழி

ஜப்பான் பழைய மெஷின்களோட வாற மோட்டர் நல்ல தரம் எண்டு சொல்லுகினம். அதை எடுத்தால் ஐஈ3 மாதிரி வருமோ?

#12 கொயில்_கொக்குவில்

தம்பி, ஜப்பானில மூண்டு கட்ட மோட்டருக்கு ஐஈ3 அளவு கட்டாயமாக்கினது 2015 ஏப்ரலில. அதுக்கு முதல் வந்ததுகள் பெரும்பாலும் ஐஈ1 அளவுதான். வேலைப்பாடு நல்லது, வினைத்திறன் வேற கதை. அதோட 200 வோல்ற்று மோட்டர், எங்கட 400க்கு நடுவில ட்ரான்ஸ்போமர் வேணும், அதிலயும் நட்டம்.

இங்கிலாந்துப் பழசு வந்தால் தட்டில எப் ஒண்டு, எப் ரெண்டு (EFF1, EFF2) எண்டு இருக்கும். 1998இல வந்த பழைய ஐரோப்பிய வகுப்பு. எப்-2 கிட்டத்தட்ட ஐஈ1, எப்-1 கிட்டத்தட்ட ஐஈ2. இலக்கம் தலைகீழ், ஏமாறாதேங்கோ.

சீனாத் தட்டிலயும் அப்பிடித்தான். 2012 நியமத்தில தரம் 2 எண்டால் ஐஈ3. 2021 யூன் முதல் நடைமுறைக்கு வந்த 2020 நியமத்தில தரம் 2 எண்டால் ஐஈ4, தரம் 3 தான் ஐஈ3. எந்த ஆண்டு நியமம் எண்டு தட்டில இருக்கும். வைஈ3 எண்ட வரிசை ஐஈ3. இந்திய மோட்டரில ஐஎஸ் 12615 எண்ட எண்ணும் ஐஈ வகுப்பும் இருக்க வேணும். இந்தியத் தட்டு 415 வோல்ற்றுக்கு எழுதினது, அதைக் கவனிச்சு ரிலேயை வையுங்கோ.

#13 மின்பொறி

அதோடு தட்டைக் கணக்கால் சோதியுங்கள், கடையில் நின்றபடி கைபேசியிலேயே முடியும். "ஐஈ3 91.4%, 11 கிலோவாற்று, 400 வோல்ற்று, 21.8 அம்பியர், 0.84" என்று ஒரு தட்டு இருக்கிறதென்று வையுங்கள். 11,000 ÷ (1.732 × 400 × 21.8 × 0.84) = 86.7%. 91.4 இல்லை. ஐஈ1 மோட்டரில் ஐஈ3 என்று ஒட்டியிருக்கிறார்கள். சரியான தட்டென்றால் அதே 0.84க்கு 20.7 அம்பியர் வர வேண்டும். தட்டில் அம்பியரை முழு எண்ணாக்கியிருந்தால் ஒன்று இரண்டு புள்ளி முன்பின் போகலாம், நாலு ஐந்து புள்ளி போகாது. சுற்றையும் பாருங்கள்: 4 போல் 11 கிலோவாற்று ஐஈ3 1465க்குக் கிட்ட இருக்கும். 1440 என்று எழுதியிருந்தால் றோட்டர் நட்டம் ஒன்றே 4%. மற்ற எல்லா நட்டத்தையும் மிச்சம் 4 புள்ளி சொச்சத்துக்குள் அடக்குவது கடினம்.

இணைப்பும் பார்க்க வேண்டும். 400 டெல்ரா / 690 ஸ்டார் என்று இருந்தால்தான் எங்கள் 400இல் ஸ்டார்-டெல்ரா ஓடும். 230 டெல்ரா / 400 ஸ்டார் மோட்டரை அதில் பூட்டினால் டெல்ராவுக்கு மாறியதும் கருகும். 3 கிலோவாற்றுக்குக் கீழே பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

#14 ஐஸ்_பருத்தித்துறை

காந்தத் துண்டிப்பை 10இலயிருந்து 12க்கு ஏத்தினம். டைமரும் சாதாரண டைமர்தான், ஸ்டார்-டெல்ரா டைமர் வாங்கிப் பூட்டினம். அதுக்குப் பிறகு விழேல்லை. நன்றி.

#15 சுன்னாகம்_மில்

ரிலே மெயின் கொன்ராக்டருக்குக் கீழதான் இருக்கு. பியூஸ் தாங்கி ஒண்டில 1.8 வோல்ற்று விழுது, கத்தி கறுத்துப் போச்சு. மூண்டையும் புதுசாப் போடுறன். மீற்றரிலயே இன்னும் 1.3% சமமின்மை இருக்கு, அதுக்குக் கடிதம் எழுதிக் குடுக்கிறன்.

தீட்டு மெஷின் மோட்டரைத் திரும்பக் கட்டக் குடுக்கிறன். புளோவர் மோட்டரை மாத்தேல்லை, புலியை மட்டும் மாத்துறன். மோட்டரை எடுக்கேக்க என்ன பார்த்து எடுக்கிறது எண்டு சொல்லுங்கோ.

#16 கொயில்_கொக்குவில்

நல்ல முடிவு. 1300 மணித்தியாலத்துக்கு அது காணும்.

எடுக்கேக்க: மூண்டு கொயிலின்ர தடையையும் சின்ன ஓம் அளக்கிற மீற்றரால அளக்கச் சொல்லுங்கோ, ஒண்டுக்கொண்டு 2%க்கு மேல வித்தியாசம் வரக்கூடாது. 500 வோல்ற்று மெக்கரால (காப்புத் தடை அளக்கிற மீற்றர்) உடலுக்கும் கொயிலுக்கும் பாருங்கோ, புதுசாக் கட்டினது 100 மெகாஓமுக்கு மேல காட்ட வேணும். 400 வோல்ற்றில டெல்ராவில வெறுமையா அரை மணித்தியாலம் ஓட விட்டு மூண்டு கட்ட அம்பியரையும் எழுதி எடுங்கோ. 8க்கும் 9.5க்கும் இடையில, மூண்டும் கிட்டக்கிட்ட இருந்தால் சரி. 12, 13 எண்டு காட்டினால் சுற்றைக் குறைச்சிருக்கினம் இல்லாட்டி இரும்பு போச்சு, எடுக்காதேங்கோ. கையை வைச்சுப் பாருங்கோ, உடலில ஒரு இடம் மட்டும் கூடச் சுட்டால் அந்த இடத்துத் தகடு ஒட்டியிருக்கு.

பெயரிங் ரெண்டையும் புதுசாப் போடச் சொல்லுங்கோ, சி3 (சாதாரணத்தை விடக் கொஞ்சம் கூடின) இடைவெளி, ரெண்டு பக்கமும் மூடினது. தவிட்டுத் தூசிக்குள்ள திறந்த பெயரிங் நிக்காது. விசிறி மூடியையும் உடல் வரிகளையும் கழுவிப் போட்டுத் தாங்கோ எண்டு சொல்லுங்கோ. வரிகளுக்குள்ள தவிடு அடைஞ்சால் வெப்பம் 10 பாகை கூடும், காப்பின்ர ஆயுள் பாதியாகும்.

#17 கோண்டாவில்_பிற்றர்

புலிக்கு: தகட்டை முழுக்கத் திறந்து 10% வேகம் குறைக்க 160க்குப் பதிலா 144 வரும். கடைஞ்சு எடுக்கிறதை விட 140 புலி புதுசா வாங்குறது லேசு, அது 12.5% குறைக்கும். உமி குழாயில படியாமல் போகுதோ எண்டு ஒரு நாள் வடிவாப் பாருங்கோ. படிஞ்சால் 150க்கு ஏறுங்கோ. தண்டு 38 மில்லிமீற்றர், சாவி 10, துளையை அதுக்குச் சரியாப் பாருங்கோ. பெல்ட்டும் மாத்துறதெண்டால் பல்லு வெட்டின வகையைப் போடுங்கோ, சாதாரண வீ பெல்ட்டை விட 2% அளவு மிச்சம். மூண்டையும் ஒரே செட்டா மாத்துங்கோ, பழசோட புதுசைக் கலந்தால் புதுசுதான் முழுச் சுமையையும் இழுக்கும்.

#18 மின்பொறி

மோட்டர் பூட்டியதும் ரிலேயை 12.8இல் வையுங்கள். தீட்டு மெஷினில் அரிசி முழுதாக ஓடும்போது வெளிக்கம்பி மூன்றிலும் அம்பியர் எடுத்து இங்கே போடுங்கள். மூன்றில் கூடியது 21ஐத் தாண்டினால் மின்சார சபை கட்டங்களைச் சரிசெய்யும்வரை மெஷினுக்குள் விழும் அரிசியைக் கொஞ்சம் குறைத்து ஓட்டுங்கள்.